நான்கு மாதச் சம்பளம் போய்விட்டது: சின்ன வீட்டுக்கு இன்டீரியர் செய்யப் போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் படியுங்கள்

"வீட்டுக்கே வந்து அளவெடுத்து, டிசைன் போட்டு, எல்லாவற்றையும் செய்து மாட்டிக் கொடுத்துவிடுவோம்" என்று சொல்கிற செயலிகள் பக்கம் போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னுடைய நான்கு மாதச் சம்பளம் போயிருக்கிறது. அந்தப் பணத்துக்கு வந்த அலமாரியில் ஒரு சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம்.

செயலியின் பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். டிசைனர்களையும் வீட்டுக்காரர்களையும் சேர்த்துவைக்கிற வகை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. நானும் அம்மாவும் இருக்கிறோம். சின்ன வீட்டில் ஒரு சாண் இடம் வீணானாலும் தினமும் காலில் இடிக்கும். அதனால்தான் தெரிந்த ஆசாரியைக் கூப்பிடாமல், இடத்தைத் திட்டமிடத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தேடினேன்.

வந்த டிசைனர் நன்றாகப் பேசினார். லேசர் கருவி வைத்து மூலைக்கு மூலை அளந்தார். நடக்கிற வழி 90 செ.மீ. இருக்க வேண்டும், துணி தொங்கவிடும் அலமாரிக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும் என்றார். எல்லாம் சரியான பேச்சு. ஆனால் நான் அவரை நம்பியது சமையலறையில்தான். அம்மாவைக் கூப்பிட்டு, "காய் நறுக்குற மாதிரி கையை மடக்கி நில்லுங்கம்மா" என்றார். தரையிலிருந்து முழங்கை வரை டேப் வைத்து அளந்தார். பிறகு அதற்கு அரைச் சாண் கீழே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "முழங்கைக்கு 10, 15 செ.மீ. கீழே மேடை இருந்தாத்தான் தோள் வலிக்காது. உங்க மேடை இந்த உயரத்துல வரும்" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷமாகத் தோளைத் தூக்கித் தூக்கியே சமைத்தவர். தன் உயரத்தைக் கேட்டு ஒருவர் மேடை போடுகிறார் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். எனக்கும்தான். அன்று இரவே ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் முப்பரிமாணப் படம் வந்தது. பார்த்தால் நம் வீடா இது என்று தோன்றும். இப்போது விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டபோதுதான் சொல்கிறார்கள்: மென்பொருளில் கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, அந்தச் சுவரை மறைத்துவிட்டு, அகலக் கோணத்தில் படம் எடுக்கலாமாம். எந்த மனிதனும் நின்று பார்க்கவே முடியாத இடத்திலிருந்து எடுத்த படம். பத்தடி அறை பதினைந்தடியாகத் தெரியாமல் என்ன செய்யும்?

படம் வந்த கையோடு பணத்துக்கு அவசரப்படுத்தினார்கள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது, பலகைக்கு ஆர்டர் போட வேண்டும், மொத்தத் தொகையில் 70 சதவீதம் முன்பணம் என்றார்கள். அந்த 70 சதவீதம்தான் என் நான்கு மாதச் சம்பளம். அதைக் கட்டியது டிசைனருக்கு அல்ல, செயலியின் கணக்குக்கு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பணம் போன பிறகு அந்த டிசைனரை நாங்கள் பார்க்கவே இல்லை. மாட்ட வந்தது வேறு ஆட்கள். அவர்கள் கையில் அந்தப் படத்தின் பிரிண்ட் மட்டும் இருந்தது, அளவுத் தாள் இல்லை. சமையல் மேடை வழக்கமான 90 செ.மீ. உயரத்திலேயே வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்காகப் போட்ட பென்சில் கோடு எங்கோ கீழே கிடக்கிறது. "கோடா? எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே மேடம்" என்றார் மாட்ட வந்தவர்.

அலமாரியின் ஆழம் 40 செ.மீ. பேசியது 60. ஹேங்கரே 42, 45 செ.மீ. அகலம் இருக்கும், துணியோடு சேர்த்தால் 55 ஆகும். எங்கள் அலமாரியில் எல்லாத் துணியும் ஒருக்களித்துத்தான் தொங்குகிறது, தோள்பட்டை கதவை முட்டித் திறந்துவிடுகிறது. இது கைத்தவறு இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் வந்து பார்த்து விளக்கினார். பலகை 8 அடிக்கு 4 அடியாக வரும். 4 அடி என்றால் 122 செ.மீ. அதில் 60 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு பட்டைதான் அறுக்கலாம், 40 என்றால் மூன்று. அவர்கள் பில் போடுவதோ முன்பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி வரும் சதுர அடிக்கு. ஆழம் குறைந்தால் நம் பில்லில் ஒரு காசு குறையாது, அவர்களுக்கு மட்டும் பலகை மிச்சம். இதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

பலகையும் சொன்ன பலகை இல்லை. வாயால் சொன்னது தண்ணீர் தாங்கும் பிளைவுட். சிங்க் அடியில் குழாய்க்காக வெட்டிய ஓட்டையில் கைவைத்துப் பார்த்தால் மரச்சிராய் உதிர்கிறது. மரச்சிராயைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு! வெட்டிய விளிம்பை மூடும் பட்டை கூட ஒட்டவில்லை. பிளைவுட் என்றால் வெட்டிய இடத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். தண்ணீர் தாங்கும் வகையில் அடுக்குக்கு நடுவே உள்ள பசைக் கோடு கரும்பழுப்பாக இருக்கும். இங்கே அடுக்கே இல்லை. ஈரம் பட்ட அடிப்பலகை அதற்குள் உப்பிவிட்டது, கதவு உரசுகிறது. மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். "எஞ்சினியர்டு வுட்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பிளைவுட்டும் அதில் அடங்கும், பார்ட்டிகிள் போர்டும் அதில் அடங்கும். வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

சரி, தப்பு நடந்திருக்கிறது, கேட்டால் சரிசெய்வார்கள் என்று போன் போட்டேன். அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து. டிசைனரைக் கேட்டால் "என் வேலை டிசைனோட முடிஞ்சுது மேடம், சைட் டீமைக் கேளுங்க." சைட் டீமைக் கேட்டால் "எங்களுக்கு வந்த கட்டிங் லிஸ்ட்படிதான் செஞ்சிருக்கோம்." வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மிக மரியாதையாக, "படம் ஒரு மாதிரிக்குத்தான் மேடம், அளவு கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்றார். 20 செ.மீ. என்பது கொஞ்சமா? மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. செயலியில் போட்ட புகாருக்கு யாரும் வீட்டுக்கு வந்துகூடப் பார்க்காமல் "தீர்வு காணப்பட்டது" என்று போட்டு மூடினார்கள். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். கடைசியாக வந்த பதில்: "நாங்கள் இணைத்துவைக்கும் தளம் மட்டுமே, வேலையின் தரத்துக்கு டிசைனரே பொறுப்பு." அப்படியானால் என் நான்கு மாதச் சம்பளத்தை ஏன் உங்கள் கணக்கில் வாங்கினீர்கள்? இதற்கு மட்டும் பதிலே இல்லை. இதில் மீதி 30 சதவீதத்தைக் கட்டச் சொல்லி நினைவூட்டல் தவறாமல் வருகிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த உயரமான மேடையில் தோளைத் தூக்கியபடிதான் சமைக்கிறார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாக நான்கு விஷயம் மட்டும். அகலம், உயரத்தோடு ஆழத்தையும் ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதி வாங்குங்கள். பலகையின் வகை, கனம், தரம் தாளில் இருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், மேலிருந்து பார்க்கிற அளவு வரைபடம் கேளுங்கள், அதைத் தரையில் டேப் ஒட்டி நடந்து பாருங்கள். 70 சதவீதம் முன்பணம் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை நடக்க நடக்கப் பணம், மாட்டி முடித்துச் சரிபார்க்கும்வரை கணிசமான தொகை உங்கள் கையில்.

இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் மதிப்பீட்டுத் தாள், பணம் கட்டிய ரசீது, சாட் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். என் சாட்டில் பழைய செய்திகள் சில இப்போது திறக்கவில்லை.