திடீர் படபடப்பு: மூச்சா, மாத்திரையா, வாட்ச்சா, அப்லேஷனா?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மூச்சை நன்றாக இழு, முகத்தில் தண்ணீர் அடி, பையில் ஒரு மாத்திரை வைத்துக்கொள், வாட்ச் வாங்கிக் கட்டு. எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். சிக்கல் என்னவென்றால், இவற்றில் சில துடிப்பை நிறுத்துவதற்கானவை, சில பயத்தை அடக்குவதற்கானவை. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் எது நல்லது என்று கடைசிவரை தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தாலோ, ஏற்கனவே இதய நோய் இருந்தாலோ இந்த அலசலை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடற்பயிற்சியின் நடுவில் திடீரென்று வருகிறது, அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்றால் இதயநோய் நிபுணரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

சரி, எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? எஸ்விடி என்று மருத்துவர்கள் சொல்வது, இதயத்தின் மேல்பகுதியில் மின்துடிப்பு ஒரு கூடுதல் பாதையில் சிக்கி வட்டமடிப்பதால் பெரும்பாலும் வருவது. ஸ்விட்ச் போட்ட மாதிரி தொடங்கும், அணைத்த மாதிரி நிற்கும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150-க்கு மேல், 220 வரைகூடப் போகும், ஆனால் அடி ஒரே சீராக இருக்கும். பதற்றத்தால் வரும் வேகம் படியேறி உச்சிக்குப் போய், மெல்ல மெல்ல இறங்கும். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம் என்றால் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொடும். ஒரு அடி தவறி அடுத்த அடி ‘தொம்’ என்று விழுந்தால் அது எக்டோபிக் துடிப்பு, இதயம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பிவிட முடியாது, ஏனென்றால் நிமிடத்துக்கு 180 அடிக்கும்போது யாருக்குத்தான் பயம் வராது? எஸ்விடி உறுதியான நோயாளிகளை 1997-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பேனிக் கோளாறின் அறிகுறிப் பட்டியல் அப்படியே பொருந்தியது. ‘டென்ஷன்தான், வேறொன்றும் இல்லை’ என்று அனுப்பிவைக்கப்பட்ட பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்மையில் இருந்தது ஒரு மின்கோளாறு. எனவே துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஒரு இசிஜிதான் இங்கே தீர்ப்பு சொல்லும்.

இப்போது அந்த நேரத்தில் செய்யக்கூடியவை. வால்சால்வா ஒரு பக்கம், மெதுவான மூச்சு மறுபக்கம். வால்சால்வா என்பது மூச்சை அடக்கி முக்குவது. அது இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி கணுவைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், வட்டமடிக்கும் மின்துடிப்பு அங்கே அறுந்துவிடும். இதிலேயே மேம்பட்ட முறை ஒன்று இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் 15 நொடி ஊத வேண்டும், பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு. நிறுத்தியதும் உடனே மல்லாக்கச் சாய்த்து, இன்னொருவர் கால்களை 45 பாகைக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சாதாரண முறையில் 17 சதவீதம் பேருக்கு நின்றது, இந்தக் கால்தூக்கும் முறையில் 43 சதவீதம் பேருக்கு. காசில்லாத, மருந்தில்லாத ஒரு வழிக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் முதல் தடவை மருத்துவர் கண்ணெதிரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். கழுத்து நாடியை அமுக்கிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம், அது மருத்துவர் மட்டும் ஆள் பார்த்துச் செய்வது.

பதற்றத்தால் வரும் வேகத்துக்கு வால்சால்வா பெரிதாக உதவாது, ஏனென்றால் அங்கே அறுப்பதற்கு வட்டமே இல்லை. அதற்கு மூச்சுதான். அதிலும் ‘ஆழமாக இழு’ என்று எல்லோரும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பயத்தில் இருப்பவர் ஏற்கனவே அளவுக்கு மீறி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். அவரிடம் போய் இன்னும் பெரிதாக இழு என்றால் எப்படி? சின்னதாக மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவது, நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்ற கணக்கில் போனால் போதும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வித்தையை இப்போது பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை, உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து.

முகத்தில் குளிர்ந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவில். நீரில் மூழ்கும்போது இதயம் தானாக வேகத்தைக் குறைக்கும் அனிச்சைச் செயல் நம் உடம்பிலும் உண்டு. சிலருக்கு எஸ்விடியை நிறுத்தும், சிலருக்குக் கவனத்தை மாற்றும். செலவில்லை, பெரிய உத்தரவாதமும் இல்லை.

அடுத்து வாட்ச்சா, ஹோல்டரா. ஹோல்டர் கருவியை நெஞ்சில் ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் பதிவு செய்வார்கள். தினமும் படபடப்பு வருபவருக்கு அது போதும், மாதம் ஒருமுறை வருபவருக்கு அந்த இரண்டு நாளும் இதயம் சமர்த்தாக நடந்துகொள்ளும், அறிக்கையில் ‘இயல்பு’ என்று வரும், ஆள் இன்னும் குழம்புவார். இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் பட்டை இவர்களுக்கு மேல். இசிஜி எடுக்கும் ஸ்மார்ட் வாட்ச் இன்னும் வசதி: அடிக்கும்போதே விரலை வைத்தால் 30 நொடியில் ஒரு கோடு கிடைக்கும். திரையில் ‘முடிவு தெளிவில்லை’ என்று வந்தாலும் பரவாயில்லை, அந்தக் கோட்டைச் சேமித்துக் காட்டினால் இதயநோய் நிபுணரால் பெரும்பாலும் படித்துவிட முடியும்.

ஆனால் பதற்றக்காரர் கையில் அதே வாட்ச் வேறு வேலை செய்யும். 88 என்று காட்டுகிறது, ஏன் 88, இப்போது 96, மறுபடி பார்த்தால் 110, பார்த்ததாலேயே 110. இப்படி மணிக்குப் பத்து தடவை பார்ப்பவருக்கு வாட்ச் மருத்துவ உதவியே இல்லை, பயத்துக்குத் தீனி. என் கட்சி இதுதான்: படபடப்பு வரும்போது பதிவு எடுக்க மட்டும் கட்டுங்கள், தேவையான பதிவு கிடைத்ததும் கழற்றி வையுங்கள்.

மாத்திரையிலும் இதே கதை. ப்ரோப்ரனலால் அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கும், கை நடுக்கமும் குறையும், ஆனால் ‘செத்துவிடுவேனோ’ என்ற எண்ணத்தை அது நேரடியாகத் தொடாது. ஆஸ்துமா இருந்தால் ஆகாது, தினமும் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அல்ப்ரசோலம் நேரே பயத்தின் மீது போய், சீக்கிரமே ஆளைத் தணித்துவிடும். அந்த வேகம்தான் அதன் ஆபத்தும். பழக்கமாகிவிடும், அளவு ஏறும், விடப்பார்த்தால் விடும்போதே படபடப்பு வரும். பையில் மாத்திரை இருந்தால்தான் வெளியே கால் வைப்பேன் என்ற நிலைக்கு வந்தவர்களும் உண்டு. நீண்ட நாளுக்கு என்றால், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் மேல். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் நாட்களில் பதற்றம் கொஞ்சம் கூடுவதும் உண்டு என்று தெரிந்துகொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

எந்த மாத்திரைக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு, நீர்ச்சத்துக் குறைவு, அளவு மீறிய காபி, எனர்ஜி பானம், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை, எதுவுமே காரணமாக இருக்கலாம். எழுந்து நின்றால் மட்டும் துடிப்பு எகிறுகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அதற்கான சோதனை வேறு.

எஸ்விடி உறுதியாகி அடிக்கடி வருகிறது என்றால் போட்டி மருந்துக்கும் அப்லேஷனுக்கும் நடுவில். தினசரி மருந்து வருகையைக் குறைக்கும், வேரை எடுக்காது, சிலருக்குச் சோர்வு தரும். அப்லேஷனில் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டுவிடுவார்கள். எஸ்விடியின் மிகப் பரவலான வகையில் 95 சதவீதத்துக்கும் மேல் வெற்றி. சாதாரண மின்பாதையே பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இளவயதில் அடிக்கடி அவதிப்படுபவர் என்றால் நான் அப்லேஷன் பக்கம்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, முக்கினால் நின்றுவிடுகிறது என்றால் இரண்டுமே வேண்டாம்.

அப்லேஷன் ஜெயித்த பிறகும் சிலர் நாடியைப் பிடித்தபடியே இருப்பார்கள். பாதை போய்விட்டது, கவனிக்கும் பழக்கம் போகவில்லை. ஒரு எக்டோபிக் தட்டினாலே திரும்பி வந்துவிட்டதோ என்று குலை நடுங்கும். இவர்களுக்கும், இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பேனிக்காரர்களுக்கும் சிபிடி சிகிச்சையை, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையை, நான் மாத்திரைக்கு முன்னால் வைப்பேன். உடம்பின் ஒரு சாதாரண அறிகுறியைப் பேராபத்தாக வாசிப்பதுதான் பேனிக்கின் அச்சாணி என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதினார், சிகிச்சை அங்கேதான் கை வைக்கிறது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வார்கள். துடிப்பு ஏறும். நாடியைப் பிடிக்காமல், உட்காராமல், தண்ணீர் தேடாமல் அது தானாக இறங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் மறுபடியும் ஓட வேண்டும்.