களியக்காவிளையில் விற்கும் நீரோட்டத் தொட்டி: வாங்கலாமா?

அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் கடல் நீரோட்டத்தைச் செய்து காட்டும் பெட்டி இது, பள்ளிச் சாமான் கடையில் கிடைக்கும். இதில் 10 லிட்டர் வட்டத்தொட்டி, சுழல்மேடை, நடுவில் வைக்க அண்டார்டிகா வடிவம், கழற்றி மாட்டும் இரண்டு நிலத்துண்டுகள் இருக்கின்றன. கையேடு மலையாளத்தில், கேட்டால் தமிழ்ப் பிரதி தருவார்கள்.

கடல்நீர் போலாக லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு, மொத்தம் 350 கிராம் போடுங்கள். தூள் உப்பு நீரைக் கலங்கடிக்கும். மேடையை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள்; தென்துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி அப்படித்தான் சுழல்கிறது. தொட்டியோடு நீரும் சேர்ந்து சுழல 15 நிமிடமாவது விட்டு, வேகத்தைச் சற்றே குறைத்தால் நீர் முந்தி ஓடும். அதில் கொஞ்சம் சாயம் விடுங்கள். நிலத்துண்டுகள் இருந்தால் சாயம் மோதித் திரும்பும். கழற்றினால் கண்டத்தைச் சுற்றி வளையமாய்ப் போகும். அண்டார்டிகாவைத் தென் அமெரிக்காவிலிருந்து பிரிக்கும் டிரேக் நீரிணையும், ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிக்கும் டாஸ்மேனியா வாயிலும் திறந்ததால் நேர்ந்தது இதுதான்.

சொதப்புவது பனிக்கட்டிச் சோதனை. குளிர்ந்த நீர் அடிக்கு மூழ்குவதைக் காட்ட, சாயமிட்ட ஐஸைப் போடச் சொல்கிறார்கள். உருகுவது நன்னீர், உப்பு நீரின் மேலேயே மிதக்கும், மூழ்காது. அதே உப்பு நீரைச் சாயம் கலந்து ஃபிரிட்ஜில் குளிரவைத்து, குழாய் வழியே ஓரமாய் விடுங்கள், அடிக்குப் போகும்.

கையேட்டின் பெரிய பிழை வேறு. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா உறைந்ததற்கு, வெப்ப நீரை அண்டவிடாத இந்த வளைய நீரோட்டம் மட்டுமே காரணம் என்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததன் பங்கை ஒரு வரியிலும் சொல்லவில்லை. தொட்டிக்காக வாங்கலாம், கையேட்டுக்காக வேண்டாம்.