பசங்களுக்கான காப்பிரைட் ஆன்லைன் கிளாஸ்: காசுக்கு மோசமில்ல, ஆனா எந்த ஊர் சட்டம் சார் அது?

பொண்ணு ஏழாவது படிக்கிறா. ப்ராஜெக்ட்னா கூகுள்ல முதல்ல வர்ற படத்தை எடுத்து சார்ட்ல ஒட்டி கீழ "நன்றி: கூகுள்"னு எழுதிடுவா, "அது போதாதாம்மா?"ம்பா, கூகுள் எந்தப் படத்தையும் வரையலைன்னு நான் சொன்னா முறைப்பா. அதான் சனி ஞாயிறு ரெண்டு நாள் ஜூம் கிளாஸ், 499 ரூபான்னு பார்த்ததும் சேர்த்துவிட்டேன். பேர் வேணாம், திட்டவும் போறேன்ல.

முதல் நாள் நிஜமாவே நல்லா இருந்துச்சு. எல்லா பசங்களையும் ஒரு படம் வரைஞ்சு அனுப்பச் சொன்னாங்க, அரை மணி நேரம் கழிச்சு இவ வரைஞ்ச மயிலை வேற ஒரு பையன் பேர் போட்டு ஸ்க்ரீன்ல காட்டினாங்க பாருங்க, இவளுக்கு வந்த கோவம்! "அது என்னோடது மிஸ்"னு மைக்கை ஆன் பண்ணி கத்திட்டா. நான் ஒரு வருஷமா சொல்லியும் ஏறாதது அந்த ஒரு நிமிஷத்துல ஏறிடுச்சு. இதுக்கே பாதி காசு சரி.

முப்பது செகண்ட் வரைக்கும் பாட்டை எடுத்துக்கலாம்னு பசங்க நடுவுல ஓடுற கதையையும் உடைச்சாங்க. அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்துலயும் கிடையாது. யூடியூப்ல க்ளெய்ம் (இது என்னோடதுன்னு உரிமை கேக்கறது) வேற, ஸ்ட்ரைக் (வீடியோவை எடுத்துட்டு குடுக்கற எச்சரிக்கை) வேற, 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக் வாங்கினா சேனலே போயிடும்னு சொன்னதும் ரெண்டு மூணு பசங்க முகம் மாறிடுச்சு.

ரெண்டாவது நாள்தான் சொதப்பல். முழுக்க ஃபேர் யூஸ், அதாவது அனுமதி கேக்காமலே நியாயமா எடுத்துக்கறது, அது சரியான்னு பார்க்கற நாலு காரணி, அமெரிக்காவோட 1976 சட்டம். நம்ம பசங்களுக்கு எதுக்குங்க அது? இங்க இருக்கறது 1957 சட்டம், அதுல 52ஆவது பிரிவு, ஃபேர் டீலிங்னு பேரு, எதுக்கெல்லாம் எடுக்கலாம்னு வரிசையா பட்டியலே போட்டிருக்கு. டீச்சரும் ஸ்டூடண்ட்டும் பாடம் நடத்துறதுக்காக காப்பி எடுக்கலாம். டெல்லி யூனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல பெரிய பதிப்பகங்க போட்ட கேஸ்ல, 2016ல டெல்லி ஹைகோர்ட் இதை வச்சுத்தான் கடை பக்கம் பேசுச்சு. ஆண்டு விழால சினிமா பாட்டுக்கு ஆடுறதும், பார்க்கறவங்க டீச்சர், பசங்க, பேரண்ட்ஸ்னு பள்ளிக்கூட ஆளுங்களா மட்டும் இருந்தா சரிதான், ஆனா அதே டான்ஸை வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டா கதை வேற. எல்லா வீட்லயும் வருஷா வருஷம் நடக்கற விஷயம், கிளாஸ்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கேள்வி நேரத்துல ஒரு பையன் பாரதியார் பாட்டை போடலாமான்னு கேட்டான், "பர்மிஷன் வாங்கணும்"னுட்டாங்க. அடப்பாவமே! 1949லயே மதராஸ் அரசாங்கம் உரிமையை வாங்கி, அப்புறம் எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்களே. அப்படி விடலைன்னாலும் எழுதினவர் இறந்து 60 வருஷம்தான் நம்ம சட்டத்துல, அவர் போனது 1921. யாரோ இசையமைச்சு பாடின ரெக்கார்டிங்கை தூக்கிப் போட்டாதான் வம்புன்னு பிரிச்சு சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

இன்னொண்ணு, ஒர்க்ஷீட் பிடிஎஃப்ல மூணாம் பக்கத்து படத்துல வாட்டர்மார்க் (படத்துக்குச் சொந்தக்காரங்க மேல போடுற மங்கலான முத்திரை) அப்படியே இருக்கு. காப்பிரைட் கிளாஸ்ல! பொண்ணுதான் கண்டுபிடிச்சு சிரிச்சா.

விக்கிமீடியா காமன்ஸ், ஓபன்வெர்ஸ்னு எல்லாரும் எடுத்துக்கற மாதிரி படங்க கிடைக்கற ரெண்டு தளத்துலயும் படம் தேடி, எடுத்தவர் பேரு, லைசென்ஸ் (எப்படி பயன்படுத்தலாம்னு குடுத்த அனுமதி) எல்லாம் பார்த்து எழுதற பயிற்சி கடைசி இருபது நிமிஷத்துல அவசரமா முடிச்சுட்டாங்க. அதை நானே உக்கார்ந்து மறுபடி காட்டினேன்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். முதல் நாள் மட்டும் தனியா 250க்கு குடுத்தா தங்கச்சி பையனையும் சேர்த்துவிடுவேன்.