எக்ஸ்570 உச்ச போர்டுகள்: அந்தச் சின்ன ஃபேனை யார் சரியாகக் கையாண்டார்கள்?

2019 ஜூலை 7 அன்று ஏஎம்டியின் ரைசன் 3000 ப்ராசஸர்களும் எக்ஸ்570 மதர்போர்டுகளும் ஒன்றாகக் கடைக்கு வந்தன. ப்ராசஸரைப் பார்த்து, அதைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக் பிரியர்கள் துள்ளிக் குதித்தார்கள். போர்டைப் பார்த்ததும் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே, யூஎஸ்பி, எஸ்எஸ்டி மாதிரியானவற்றை ப்ராசஸரோடு இணைக்கும் சிப்செட்டின் தலைமேல் ஒரு குட்டி ஃபேன் உட்கார்ந்திருந்தது. பல வருடமாகக் காணாமல் போயிருந்த சாமான் அது. பழைய குருடி கதவைத் திறடி என்பதுதான் அன்று பலருடைய மனநிலை.

அந்தக் கோபத்தை நான் முழுசாகப் புரிந்துகொள்கிறேன். 2005 வாக்கில் என்னிடம் இருந்த ஒரு போர்டில் இதே மாதிரி 40 மில்லிமீட்டர் ஃபேன் இருந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து, காலையில் மெஷினை ஆன் செய்ததும் முதல் ஐந்து நிமிடம் கர்ரென்று ஒரு சத்தம் வரும். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஒரு மாதம் அமைதியாக ஓடும். அப்புறம் மறுபடி கர்ர். கடைசியில் ஒருநாள் அது நின்றேபோனது. சத்தம் நின்றதில் நிம்மதிதான், ஆனால் சிப்செட் தொட முடியாத அளவுக்குக் கொதித்தது. இதையெல்லாம் அனுபவித்தவர்களிடம் போய் "இப்போது வருவது நல்ல பேரிங்" என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்?

ஏன் மறுபடி ஃபேன்? முந்தைய எக்ஸ்470 சிப்செட்டை ஏஎஸ்மீடியா வடிவமைத்துக் கொடுத்தது. எக்ஸ்570-ஐ ஏஎம்டியே செய்தது. ரைசன் 3000-இன் உள்ளே இருந்து வெளிச் சாதனங்களோடு பேசும் ஐஓ சில்லின் உடன்பிறப்பு இது. கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தரவு அனுப்பும் பாதையான பிசிஐஇ-யின் 4.0 வேகத்தைச் சிப்செட் வழியாகவும் கொடுக்கிறது. அதற்கு விலையாகச் சுமார் 11 வாட் எடுக்கிறது. பழையது அதில் பாதிதான். 11 வாட் என்பது வீட்டில் எரியும் ஓர் எல்இடி பல்பு அளவு. பெரிய சூடு இல்லை. ஆனால் சிப்செட் இருக்கும் இடம்தான் சிக்கல். அதற்கு மேலே கிராபிக்ஸ் கார்டு நீண்டு படுத்திருக்கிறது. அதனால் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகமான ஹீட்சிங்க்கை உயரமாக வைக்க முடியாது. கார்டு கக்கும் அனலும் அங்கேதான் வந்து விழும். உயரம் போதாத இடத்தில் அகலத்தால் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் காற்றை ஊத வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் மலிவான வழியான ஊதுவதையே பிடித்துக்கொண்டன.

உச்ச விலை போர்டுகளை ஒப்பிடும்போது இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஓவர்கிளாக் என்றாலே எல்லோருக்கும் கண் விஆர்எம் மேல்தான் போகும். அதாவது 12 வோல்ட் கரண்டை ப்ராசஸருக்கு வேண்டிய 1.3 வோல்ட் பக்கம் இறக்கித் தரும் பகுதி. 105 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் ப்ராசஸருக்கு சாக்கெட் வழியாகப் போவது அதிகபட்சம் 142 வாட். நீங்கள் கையால் ஏற்றி 200 வாட் ஆக்கினாலும் 150 ஆம்பியர் சுற்றிதான் வரும். அதை விஆர்எம்முக்குள் இருக்கும் 14 ஃபேஸ், அதாவது தனித்தனிக் கிளைகள், பங்குபோட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 11 ஆம்பியர். ஒவ்வொரு கிளையிலும் உள்ள பவர் ஸ்டேஜ் சில்லு தாங்கக்கூடியது 60, 70 ஆம்பியர். ஆக மொத்த விஆர்எம்மும் சேர்ந்து வீணாக்கும் சூடு இருபது வாட்டைத் தாண்டுவது அபூர்வம். அதுவும் பதினான்கு இடத்தில் பரவிக் கிடக்கிறது. இந்தத் தலைமுறையில் உச்ச போர்டுகளுக்கு விஆர்எம் ஒரு பிரச்சினையே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு போர்டுகளுக்கு வருவோம்.

ஆசுஸ் ராக் கிராஸ்ஹேர் 8 ஃபார்முலா, வந்தபோது 700 டாலர். பார்க்க அழகு. விஆர்எம் மேல் ஈகே கம்பெனியோடு சேர்ந்து செய்த வாட்டர் பிளாக், அதாவது உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை எடுக்கும் கட்டி, இருக்கிறது. தண்ணீர்க் குழாயை மாட்டினால் மாட்டலாம், இல்லையென்றால் சாதாரண ஹீட்சிங்க் மாதிரியே வேலை செய்யும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தவர்கள் உடனே கேட்ட கேள்வி இதுதான்: சூடே ஆகாத இடத்துக்குத் தண்ணீர், சூடாகும் சிப்செட்டுக்கு அதே குட்டி ஃபேனா? நானும் இதே கட்சி. விஆர்எம்முக்குத் தண்ணீர் விட்டால் லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவரும் குழாய்ப் பாதையில், இரண்டு ஃபிட்டிங் கூடுகிறது, கசியக்கூடிய இடமும் இரண்டு கூடுகிறது, பம்ப்பின் ஓட்டமும் கொஞ்சம் தடைபடுகிறது. இவ்வளவும் கொடுத்துப் பெறுவது, ஏற்கனவே போதுமான அளவு குளிர்ந்திருக்கும் விஆர்எம்மில் இன்னும் சில டிகிரி. ஃபார்முலாவின் பயாஸ், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் மென்பொருள், அருமையானது, மெமரி டியூனிங்கில் அந்த அணியின் கைத்திறன் தெரியும். ஆனால் குளிர்ச்சியை மட்டும் வைத்து மார்க் போட்டால் என் வரிசையில் இது கடைசி.

ஏஎஸ்ராக் எக்ஸ்570 அக்வா இதே தண்ணீர் யோசனையை முழுசாகச் செய்தது. ஒரே மோனோபிளாக், அது ப்ராசஸர், விஆர்எம், சிப்செட் மூன்றையும் மூடுகிறது. ஃபேன் கிடையாது. மொத்தம் 999 போர்டுகள், வந்தபோது விலை 999 டாலர். பொறியியலாகப் பார்த்தால் நேர்மையான தீர்வு இது, சூடு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் போகிறது. ஆனால் லூப் கட்டத் தெரியாதவருக்கு இதனால் பயனில்லை. போர்டை மாற்றும் நாளில் பிளாக்கும் அதோடு போய்விடும், வேறு எதிலும் பொருந்தாது. சேகரித்து வைப்பவர்கள் கொண்டாடினார்கள். தினம் கழற்றி மாட்டி விளையாடுபவர்கள் தூரத்திலிருந்து ரசித்துவிட்டு நகர்ந்தார்கள்.

எம்எஸ்ஐ மெக் எக்ஸ்570 காட்லைக் ஃபேனை ஒளிக்கவில்லை, திருத்தியது. டபுள் பால் பேரிங் ஃபேன் போட்டு, சூடு குறைவாக இருக்கும்போது அது சுற்றாமல் நின்றுவிடும் வசதி வைத்தார்கள். எப்போது எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைப் பயாஸிலேயே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஃபேன் வைத்த போர்டுகளுக்குள் இதை நல்ல வழி என்றே சொல்வேன். சிப்செட் வழியாகப் போகும் எஸ்எஸ்டி ஸ்லாட்டில் வேகமான டிரைவைப் போட்டு நிறைய ஃபைல் நகர்த்தினால் ஒழிய ஃபேனுக்குப் பெரிதாக வேலை வராது. முதல் ஸ்லாட் நேராகப் ப்ராசஸரோடு பேசுவதால் அதில் போடும் டிரைவ் சிப்செட்டைத் தொந்தரவு செய்யாது. எந்த போர்டு வாங்கினாலும் இது தெரிந்திருப்பது நல்லது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த போர்டு. கிகாபைட் எக்ஸ்570 ஆரஸ் எக்ஸ்ட்ரீம், இதுவும் வந்தபோது 700 டாலர். முதல் நாளிலிருந்தே ஃபேன் இல்லாமல் வந்தது. எப்படி முடிந்தது என்றால், உலோகத்தைத் தாராளமாகக் கொட்டினார்கள். போர்டின் கீழ்ப்பாதி முழுக்க ஹீட்சிங்க், விஆர்எம் மேல் வெறும் அலுமினியக் கட்டிக்குப் பதில் நெருக்கமான மெல்லிய துடுப்புகள், மேலேயும் கீழேயும் இணைத்துச் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் குழாய். ரேடியேட்டரில் பார்ப்போமே, அந்த மாதிரித் துடுப்புகள். காற்று படும் பரப்புதான் குளிர்விக்கும், கனம் குளிர்விக்காது என்று ஓவர்கிளாக் செய்பவர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த போர்டு காது கொடுத்துக் கேட்டது. மின்சாரப் பக்கமும் குறை இல்லை: 16 ஃபேஸ், தலா 70 ஆம்பியர்.

விஆர்எம்மையும் சிப்செட்டையும் ஒரே ஹீட்பைப்பில் கோர்த்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறாதா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்தே முப்பது வாட் அளவுக்குத்தான் வரும். அதை ஏந்த அவ்வளவு பெரிய பரப்பு இருக்கும்போது கவலை வேண்டாம். எனக்குள்ள வருத்தம் வேறு. போர்டு வழக்கத்தைவிட அகலமான இ-ஏடிஎக்ஸ் அளவு, அதோடு மெயின் பவர் கனெக்டர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. கேபினெட்டின் ஓரத்தில் கேபிள் நுழைய இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் வாங்கினால் திண்டாட வேண்டும். எஸ்எஸ்டி மாற்ற வேண்டுமென்றால் தகடுகளைக் கழற்ற வேண்டும், அதற்கு முதலில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டும்.

நம் ஊரில் இதை வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. ரிவ்யூ செய்பவர்கள் ஏசி அறையில் 22, 23 டிகிரியில் அளக்கிறார்கள். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை 36-ஐத் தொடும். அவர்கள் போடும் எண்ணோடு அப்படியே பதின்மூன்று பதினான்கு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் இல்லாத போர்டுக்குக் கேபினெட்டின் முன்பக்கக் காற்றோட்டம்தான் உயிர். கண்ணாடியால் முன்பக்கத்தை மூடிய கேபினெட்டில் இதை அடைத்து வைக்காதீர்கள்.

சரி, 700 டாலர் எல்லோராலும் முடியுமா? முடியாது. 2020 ஜூனில் பி550 போர்டுகள் வந்தன. அவற்றில் ப்ராசஸர் பக்கம் மட்டும் பிசிஐஇ 4.0, சிப்செட் பக்கம் 3.0, அதனால் ஃபேனுக்கு அவசியமே இல்லை. அதே வருடக் கடைசியில் ரைசன் 5000-ஓடு ஆசுஸ் கிராஸ்ஹேர் 8 டார்க் ஹீரோ வந்தது. சிப்செட்டுக்கு ஃபேன் இல்லை, 90 ஆம்பியர் பவர் ஸ்டேஜ்கள், விலையோ ஃபார்முலாவைவிடப் பல நூறு டாலர் குறைவு. லேசான வேலையில் ப்ராசஸரின் தானியங்கி பூஸ்ட், பாரம் ஏறியதும் நீங்கள் வைத்த ஓவர்கிளாக் என்று தானே மாறிக்கொள்ளும் வசதியும் இருந்தது. பிரியர்கள் கேட்டது அனைத்தும் ஒரே போர்டில் கிடைத்தது. 2021-இல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் ஃபேன் இல்லாத போர்டுகளைப் பல கம்பெனிகள் வரிசையாக இறக்கின. வாங்குபவர்கள் இரண்டு வருடம் விடாமல் முணுமுணுத்தது வீண்போகவில்லை.

இன்றைக்கு இவற்றில் ஒன்றைப் பழையதாக வாங்குவதென்றால் என் வரிசை இது: முதலில் டார்க் ஹீரோ, பெரிய கேபினெட் இருந்தால் எக்ஸ்ட்ரீம், விலை படிந்தால் காட்லைக். ஃபேன் உள்ள போர்டு என்றால் விற்பவர் முன்னாலேயே பயாஸைத் திறந்து சிப்செட் ஃபேனின் ஆர்பிஎம் பாருங்கள். அப்புறம் கரண்டை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, இறக்கையை விரலால் மெதுவாகச் சுண்டுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. அரைச் சுற்றில் பிடித்து நின்றால், புது ஃபேனின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.