தாய் சி, நாற்காலி யோகா, பாதுவான்ஜின்: முதுமையில் யாருக்கு எது?

விழுந்துவிடுவோமோ என்ற பயமா, மூட்டு இறுக்கமா, மறதியா? முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். தாய் சியும் பாதுவான்ஜினும் நின்றபடி செய்யும் சீனப் பயிற்சிகள், நாற்காலி யோகா உட்கார்ந்தபடி செய்வது. மூன்று பயிற்சிகளும் மெதுவானவை, மூச்சோடு இணைந்தவை. அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறதா என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

தேர்வுக்கு முன் ஒரு சோதனை. சமையல் மேடையை ஒட்டி நில்லுங்கள், அருகில் ஒருவர் இருக்கட்டும். இரு பாதங்களையும் சேர்த்து 10 விநாடி. பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே நகர்த்தி 10 விநாடி. கடைசியாக, ஒரு காலின் குதி மறு காலின் விரலைத் தொடும்படி ஒரே நேர்கோட்டில் 10 விநாடி. கடைசி நிலையில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. முதல் நிலையிலேயே தடுமாறினால் நாற்காலியில் தொடங்குங்கள். கடைசியில் மட்டும் தடுமாறினால், மேடையைப் பிடித்தபடி தாய் சி.

விழுவதைத் தடுப்பதில் தாய் சிக்கு இணை மற்ற இரண்டிலும் இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆய்வாளர் ஃபூஜோங் லீயின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயது தாண்டிய 670 பேர், வாரம் இருமுறை ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி செய்தார்கள். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சி குழுவில் விழுந்த நிகழ்வுகள் 58% குறைவு. வலு, சமநிலை, நடை எல்லாம் கலந்த உடற்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டாலும் 31% குறைவு. அவர்கள் கற்றது எட்டே அசைவுகள். 1956இல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசையை முழுதாகப் படித்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தாய் சியின் உயிர் அதன் காலடியில் இருக்கிறது. முழங்காலைச் சற்றே மடக்கி, எடை முழுவதையும் இடக்காலுக்குக் கொண்டுபோங்கள். வலக்கால் காலியான பிறகே தூக்கி, குதியை மட்டும் முன்னே வையுங்கள். இந்தக் கட்டத்தில் நினைத்தால் காலைப் பின்னிழுக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எடை முன்கூட்டியே போய்விட்டது, அது வெறும் நடை. பிறகு பாதம் படியட்டும், எடை மெல்ல மாறட்டும். கைகள் அழகாக வருகிறதா என்ற கவலை ஆறு மாதம் கழித்து வரட்டும். முழங்கால் வலி வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: அளவுக்கு மீறித் தாழ்ந்து நிற்பது, எடை தாங்கும் பாதத்தை அசைக்காமல் உடலைத் திருப்புவது. திரும்பும் முன் எடையைப் பின்காலுக்கு வாங்கி, முன்பாதத்தைத் திருப்பிவிட்டு நகருங்கள்.

நாற்காலி யோகாவின் பலம் வேறு. முழங்கால் தேய்மானம் முற்றியவர்கள், நின்றால் தலைசுற்றுபவர்கள்கூடத் தோள், முதுகு, கணுக்கால் இறுக்கத்தை இதில் தளர்த்தலாம். ஆனால் உட்கார்ந்தே இருப்பதால் கால் வலுவும் சமநிலையும் பெரிதாகத் தேறாது. அதற்காக ஒவ்வொரு முறையும் கடைசியில், கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். அதைச் சேர்க்காத வகுப்பு பாதி வகுப்புதான்.

நாற்காலியில் உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், முழங்கால் செங்கோணத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியவே கூடாது. முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கம் நசுங்கி முறியலாம். முதுகு நேராக இருக்க, இடுப்பிலிருந்து மட்டும் சாயுங்கள். கண் நீர் அழுத்தம் (குளுக்கோமா) உள்ளவர்கள் தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்களை விட்டுவிடலாம்.

பாதுவான்ஜின் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூச்சையும் அசைவையும் இணைக்கும் சீனச் சிகுங் மரபின் எட்டு அசைவுகள், பெரும்பாலும் நின்ற இடத்திலேயே. வரிசையை மனப்பாடம் செய்யச் சிரமப்படுபவர்களுக்கு இதுவே எளிது. கால் மாற்றம் குறைவு என்பதால் சமநிலைக்குத் தாய் சி அளவு உதவும் என எதிர்பார்க்க வேண்டாம். ஐந்தாவது அசைவில் தாழ நின்று தலையைச் சுழற்றுவதால் தலைசுற்றல் வரலாம். ஆறாவதில் குனிந்து பாதத்தைப் பிடிப்பதும், கடைசியில் குதியைத் தூக்கி ஏழு முறை தரையில் இடிப்பதும் எலும்பு மெலிந்தவர்களுக்கு ஆகாது. அவர்கள் குதியை மெதுவாக இறக்கினால் போதும்.

மறதிக்கு எது? லீ குழுவே 2023இல் வெளியிட்ட ஆய்வில், லேசான நினைவுத் தடுமாற்றம் உள்ள 318 பேர் வீட்டிலிருந்தே காணொளி வழியாகப் பயிற்சி செய்தார்கள். தாய் சி அசைவோடு சேர்த்து மூளைக்கும் வேலை கொடுக்கப்பட்ட குழு, 30 புள்ளி கொண்ட அறிவுத்திறன் சோதனையில் சாதாரணத் தாய் சி குழுவைவிட 1.5 புள்ளியும், நீட்டல் குழுவைவிட 2.8 புள்ளியும் கூடுதலாக முன்னேறியது. வீட்டில் இப்படிச் செய்யலாம்: எடையை மாற்றியபடியே கிழமைகளைச் சனியிலிருந்து ஞாயிறுவரை தலைகீழாகச் சொல்லுங்கள், அல்லது 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறையுங்கள். அசைவு பழகும் முன்பே இதைத் தொடங்கினால் கால் தடுமாறும். முதல் சில வாரம் அசைவு மட்டும் போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் ஊர்களில் யோகா ஆசிரியர் கிடைப்பது எளிது, தாய் சி ஆசிரியர் அரிது. கிடைக்காவிட்டால் நாற்காலி யோகாவை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன காலடியை மேடை ஓரமாகப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாக்ஸ் மட்டும் போட்டு டைல்ஸில் நிற்க வேண்டாம், வேட்டி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.