கோர்ட்டனாரா, ஐசக் ஸ்வேர்ஸா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நெதர்லாந்து வடிவமைத்த நாசகாரிக் கப்பல்களில் எது உசத்தி என்று கேட்டால், பலரும் ஐசக் ஸ்வேர்ஸ் என்பார்கள். என் ஓட்டும் அதற்குத்தான். ஆனால் அவர்கள் காட்டும் காரணம், 1941-இல் துனிசியக் கடலோரம் இத்தாலியரை முறியடித்த கேப் பான் வெற்றி. அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் மூத்தவள். 1928-இல் சேவைக்கு வந்த கோர்ட்டனார், 'அட்மிரல்' வகைக் கப்பல்கள் எட்டில் ஒன்று. பிரிட்டனின் 'யாரோ' (Yarrow) என்ற கப்பல் கட்டும் நிறுவனம் கட்டிய ஆம்பஸ்கேட் கப்பலைத் தழுவிய வடிவம். சுமார் 1,300 டன், 36 நாட் வேகம், நான்கு 120 மி.மீ. பீரங்கிகள், ஆறு டார்பிடோ குழாய்கள். கூடவே ஒரு குட்டி ஃபோக்கர் கடல் விமானம்! அதை உந்தி ஏவும் கருவி கிடையாது. கப்பலை நிறுத்தி, பாரந்தூக்கியால் தண்ணீரில் இறக்க வேண்டும். அதற்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் டச்சுக் கிழக்கிந்தியாவை (இன்றைய இந்தோனேசியா) கண்காணிக்க அது நல்ல யோசனைதான்.

விமானத்தைச் சுமந்த கப்பலுக்கு, எதிரி விமானத்தை விரட்டத்தான் வழி போதவில்லை. 1940 மே 10 அன்று இதே வகையைச் சேர்ந்த வான் ஹாலன், ஜெர்மானியர் பிடித்த வால்ஹாவன் விமானத் தளத்தைச் சுட ராட்டர்டாமை நோக்கிப் போனது. குறுகலான கால்வாய், வளைந்து நெளிந்து தப்ப இடமே இல்லை. பக்கத்தில் விழுந்த குண்டுகளே அதை நொறுக்கிவிட்டன. 1942-இல் இதே வகையைச் சேர்ந்த வான் நெஸ்ஸும் ஜப்பானிய விமானத் தாக்குதலில் போனது. இன்னும் இரண்டு, ஜாவாவின் சுரபாயா துறைமுகத்தில் குண்டுபட்டு முடங்கியதால் டச்சுக்காரர்களே மூழ்கடித்தவை. ஆக, எட்டில் நான்குக்கு ஆகாயமே எமன்.

கோர்ட்டனாரின் கதை வேறு. ஜாவா கடல் போருக்கு அது ஒரு கொதிகலன் பழுதான நிலையிலேயே போனது. முழு வேகம் எடுக்க முடியவில்லை. 1942 பிப்ரவரி 27 அன்று ஜப்பானிய டார்பிடோ தாக்கி இரண்டாக முறிந்தது. 113 பேரை பிரிட்டனின் 'என்கவுண்டர்' என்ற நாசகாரிக் கப்பல் காப்பாற்றியது. இதை வடிவமைப்பின் தோல்வி என்று எழுதுவது அநியாயம்.

சரி, இளையவள். ஐசக் ஸ்வேர்ஸ் 1,600 டன், எட்டு டார்பிடோ குழாய்கள். 1940 மே மாதம் பாதி கட்டிய நிலையில் இங்கிலாந்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. திட்டமிட்ட ஐந்து 120 மி.மீ. பீரங்கிகள் கிடைக்காததால் ஆறு 102 மி.மீ. பீரங்கிகளைப் பொருத்தினார்கள். கேப் பானில் இரண்டு இத்தாலியக் குரூசர்கள் மூழ்கியதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனாலும் பெரிய அடி கொடுத்தவை உடன் சென்ற பிரிட்டிஷ் கப்பல்கள்.

என் ஓட்டு அதன் 40 மி.மீ. இரட்டை விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு. ஹேஸ்மேயர் என்ற டச்சு நிறுவனம் செய்த அந்தப் பீரங்கி மேடை, கப்பல் எப்படி ஆடினாலும் குறியைச் சமன் செய்து பிடிக்கும். பிரிட்டனே அதைப் பார்த்துத் தன் கப்பல்களுக்கும் செய்துகொண்டது. வான் ஹாலனிடம் இல்லாமல் போனது இதுதான்.

அதுவும் நீருக்கடியிலிருந்து வந்த அடியைத் தடுக்கவில்லை. 1942 நவம்பர் 13 அன்று அல்ஜீரியக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோக்களுக்கு ஐசக் ஸ்வேர்ஸ் இரையானது. 108 பேர் இறந்தார்கள். அப்புறம், திட்டமிட்ட அந்த 120 மி.மீ. பீரங்கிகளோடு போருக்குப் போனது அதன் சகோதரிக் கப்பல் ஹெரார்ட் காலன்பர்க்: ஜெர்மானியர் கைப்பற்றி, ZH1 என்று பெயர் மாற்றி, தங்கள் கொடியை ஏற்றி ஓட்டினார்கள்.