எதிர்நீச்சல் (1968): நாடகக்காரர் எழுதின சினிமா

கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) வேலையோடு மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர், 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்'க்கு வசனம் எழுதி சினிமாவுக்குள் வந்தார், அடுத்த வருஷமே தன் நாடகமான 'நீர்க்குமிழி'யைத் தானே படமாக இயக்கிவிட்டார். 'எதிர்நீச்சல்' படமும் அவருடைய மேடை நாடகம்தான்.

அந்த வாசம் படம் முழுக்க இருக்கிறது. ஒரே வீடு, பல குடித்தனம், மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் மாதுவாக நாகேஷ், அவரை ஆளாளுக்கு வேலை ஏவுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இருமல் தாத்தா. ஆளைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள், இருமல் மட்டும் கேட்கும், ஆனாலும் அவரும் அந்த வீட்டில் ஒருத்தர் என்று நாம் நம்பிவிடுகிறோம். மேடையில் பழகின கைக்குத்தான் இது வரும் என்று தோன்றுகிறது.

குறை? இருக்கிறது. சில இடங்களில் கதாபாத்திரங்கள் நம்மைப் பார்த்தே பேசுகிற மாதிரி வசனம் நீள்கிறது, அழுகைக் காட்சிகளில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். சௌகார் ஜானகி, ஸ்ரீகாந்த் வரும் பட்டு மாமி-கிட்டு மாமா பகுதி மட்டும் எப்போது வந்தாலும் படம் சுறுசுறுப்பாகிவிடும், 'அடுத்தாத்து அம்புஜத்த' பாட்டு அவர்களுக்குத்தானே. இணையத்தில் கிடைக்கிற பிரதிகளில் ஒலி கரகரவென்று இருக்கும், இயர்போன் போட்டுப் பாருங்கள், வசனத்தைத் தவறவிட்டால் பாதிப் படம் போச்சு.